அமெரிக்க அரசியல் பணம்: நன்கொடைப் பட்டியலை விடுங்கள், மசோதாவைப் பிடியுங்கள்

#1 கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

தேர்தல் நெருங்கினாலே நம் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. மேலே ஒரு செனட்டரின் முகம், கீழே "கூகுளிடம் வாங்கியது இவ்வளவு, மருந்துக் கம்பெனிகளிடம் வாங்கியது இவ்வளவு" என்று ஒரு தொகை. பார்த்ததும் கோபம் வரும், பகிர்வோம், மறந்துவிடுவோம். அந்தத் தொகை பொய்யில்லை. ஆனால் நாம் நினைத்துக்கொள்வதை அது சொல்வதுமில்லை.

அமெரிக்க மத்தியத் தேர்தல்களில் ஒரு கம்பெனி தன் கல்லாவிலிருந்து வேட்பாளருக்கு நேரடியாக ஒரு டாலர்கூடக் கொடுக்க முடியாது. 1907-இல் டில்மன் சட்டம் வந்ததிலிருந்து தடை. பிறகு அந்த எண் எங்கிருந்து வருகிறது? ஒருவர் 200 டாலருக்கு மேல் கொடுத்தால் அவருடைய பெயர், முகவரி, தொழில், வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் வேட்பாளரின் குழு தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கூகுளில் வேலை பார்க்கும் என்ஜினியர்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுத்ததையும், ஊழியர்கள் விருப்பப்பட்டுப் போடும் பணத்தில் நடக்கும் கம்பெனியின் 'பேக்' (அரசியல் நிதிக் குழு) கொடுத்ததையும் கூட்டி "கூகுள்" என்று தலைப்புப் போடுகிறார்கள். இந்தக் கணக்குகளைத் தொகுத்துத் தரும் ஓபன்சீக்ரெட்ஸ் தளத்தில் இந்த விளக்கம் இருக்கிறது. படம் தயாரிப்பவர்கள் அந்த வரியை வெட்டிவிடுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: நன்கொடையில் ஆரம்பித்தால் கடைசியில் கையில் மிஞ்சுவது சந்தேகம் மட்டுமே. மசோதாவில் ஆரம்பித்தால் ஆள், தேதி, தொகை எல்லாம் வந்து விழும்.

2003-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவையும் சேர்க்கும் மசோதா. நவம்பர் 22 அதிகாலை 3 மணிக்குப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு ஆரம்பித்தது. வழக்கமாக 15 நிமிடத்தில் முடிகிற காரியம். அன்று கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வாக்கெடுப்பை மூடாமல் வைத்து, மறுத்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசி, 220-215 என்று தேற்றினார்கள். உள்ளே ஒரு சின்ன விதி: மெடிகேருக்காக மருந்துக் கம்பெனிகளோடு அரசு விலை பேசக் கூடாது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளருக்குப் பேரம் பேசத் தடை! அந்த மசோதாவை நகர்த்தியவர்களில் முக்கியமானவர் லூசியானாவின் பில்லி டாசின், எரிசக்தி மற்றும் வணிகக் குழுவின் தலைவர். 2005 தொடக்கத்தில் அவர் மருந்துக் கம்பெனிகளின் சங்கமான 'ஃபார்மா'வின் தலைவராகப் போய் உட்கார்ந்தார். ஆண்டுச் சம்பளம் 20 லட்சம் டாலர் என்று அப்போது செய்தி வந்தது. அவருடைய தேர்தல் நன்கொடைப் பட்டியலை எத்தனை தடவை புரட்டினாலும் இந்த வரி அதில் இருக்காது.

சில மருந்துகளுக்கு அரசு விலை பேசலாம் என்று புதுச் சட்டம் வந்து, அந்த விதியில் ஓட்டை போட 2022 வரை ஆனது. பேசி முடித்த முதல் 10 மருந்துகளின் விலை 2026 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. சர்க்கரைக்குக் கொடுக்கும் ஜனுவியா அதில் ஒன்று. ஒரு மாத மாத்திரைக்குப் பட்டியல் விலை 527 டாலர், பேசிய விலை 113.

தேட வேண்டிய இடங்கள் மூன்று. தேர்தல் பணத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் தளம். லாபி செய்பவர்களுக்கு, அதாவது காசு வாங்கிக்கொண்டு சட்டம் போடுபவர்களிடம் ஒருவருக்காகப் பேசுபவர்களுக்கு, செனட்டின் லாபிப் பதிவேடு. வெளிநாட்டு அரசுகளுக்காக வேலை செய்பவர்களுக்கு நீதித் துறையின் 'ஃபாரா' பதிவேடு. மூன்றும் இலவசம், கணக்குத் தொடங்கக்கூடத் தேவையில்லை. நீங்கள் யாராவது இவற்றில் தேடிப் பார்த்திருக்கிறீர்களா?

#2 பச்சைமிளகாய்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் தலைவரே. நம் ஊரில் கவரில் வைத்துக் கொடுத்தால் லஞ்சம், அங்கே கோட்டு சூட்டு போட்டு படிவம் நிரப்பிக் கொடுத்தால் லாபியா?

#3 தேன்மொழி

மிளகாய், கேலியாகக் கேட்டாலும் கேள்வி சரிதான். "இந்தப் பணத்துக்கு இந்தக் காரியம்" என்று கைமாறு பேசியதை நிரூபித்தால் அது லஞ்சம். நியூ ஜெர்சி செனட்டர் பாப் மெனென்டஸ் வீட்டில் தங்கக் கட்டிகள் எடுத்தார்கள், 2025 ஜனவரியில் 11 ஆண்டு சிறை விதித்தார்கள். கைமாறு பேச்சு இல்லாமல் "உங்கள் கொள்கை பிடித்திருக்கிறது" என்று கொடுத்தால் அது பேச்சுரிமை. 1976-இல் பக்லி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தேர்தல் செலவைப் பேச்சோடு சேர்த்துவிட்டது. 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு, கம்பெனிகளும் யூனியன்களும் வேட்பாளரோடு ஒருங்கிணைக்காமல் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்றது. இரண்டே மாதத்தில் ஸ்பீச்நவ் வழக்கில் கீழ் நீதிமன்றம் அதை நீட்டித்தது, வரம்பில்லாமல் பணம் திரட்டித் தனியாகச் செலவழிக்கும் சூப்பர் பேக் பிறந்தது.

இடையில் இருக்கும் சாம்பல் நிறத்துக்கு ஒரு சாம்பிள் தருகிறேன். இண்டியானாவில் போர்ட்டேஜ் என்று ஒரு சின்ன ஊர். மேயர் ஜேம்ஸ் ஸ்னைடர். ஊராட்சிக்குக் குப்பை லாரிகள் வாங்க சுமார் 11 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஒரு லாரி விற்பனையாளருக்குப் போனது. பிறகு அதே விற்பனையாளர் மேயருக்கு 13,000 டாலர் காசோலை கொடுத்தார். மேயர், அது ஆலோசனைக் கட்டணம் என்றார். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று என்ன சொன்னது தெரியுமா? காரியம் முடிந்த பிறகு நன்றியாகக் கொடுப்பது மாநில, உள்ளாட்சி அதிகாரிகளுக்கான அந்த மத்திய லஞ்சச் சட்டத்தின் கீழ் குற்றமில்லை. முன்னாடியே ஒப்புக்கொண்டிருந்தால்தான் குற்றம். அதை எப்படி நிரூபிப்பது என்று கேட்காதீர்கள்.

#4 வைகைக்கரை

நல்ல இழை. ஆனால் இதில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்த்திசையில் இழுக்கிறேன்.

முதலில் அந்த ஜனுவியா கணக்கு. 527 என்பது பட்டியல் விலை. மெடிகேர் காப்பீட்டுத் திட்டங்கள் அந்த விலைக்கு வாங்குவதில்லை, கம்பெனி பின்னால் தள்ளுபடி கொடுக்கும். ஆகவே 527-க்கும் 113-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த விதியின் விலை என்று எழுதுவது மிகை.

அடுத்து, பணம் தேர்தலை வாங்குகிறது என்ற நம்பிக்கை. 2020 அதிபர் வேட்பாளர் போட்டியில் மைக்கேல் ப்ளூம்பெர்க் சொந்தப் பணத்தில் 100 கோடி டாலருக்கு மேல் இறைத்தார். ஜெயித்தது அமெரிக்கன் சமோவா என்ற ஒரு தீவுக் கூட்டத்தை மட்டும். 2016-இல் அதே போட்டிக்கு வந்த ஜெப் புஷ்ஷுக்காக ஒரு சூப்பர் பேக் 10 கோடிக்கு மேல் திரட்டியது, மனிதர் பிப்ரவரியிலேயே மூட்டை கட்டிவிட்டார். 2024-இல் நியூயார்க்கில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜமால் போமனைத் தோற்கடிக்க, இஸ்ரேல் ஆதரவு லாபி அமைப்பான ஏய்பேக்கின் சூப்பர் பேக் சுமார் 1.4 கோடி டாலர் இறக்கியது, அவர் தோற்றார், அதனால் தோற்றார் என்கிறார்கள். நாடாளுமன்ற அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஃபயர் அலாரத்தை இழுத்துவிட்டுக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டவரும் அவர்தானே? எதிரில் நின்ற லாட்டிமர் அந்தப் பகுதியில் பல காலம் பதவியில் இருந்தவர். பணம் ஜெயிக்கிற குதிரையைத் தேடிப் போகிறதா, பணம் போவதால் குதிரை ஜெயிக்கிறதா என்பதைப் பட்டியல் சொல்லாது. அரசின் பட்ஜெட் லட்சம் கோடிகளில் இருக்கும்போது அரசியலில் ஏன் இவ்வளவு குறைவான பணம் புழங்குகிறது என்று தலைகீழாகக் கேட்ட ஆய்வாளர்களும் உண்டு.

#5 கணக்குப்பிள்ளை

ஜனுவியா பற்றிச் சொன்னது நியாயம், தள்ளுபடியைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். தேர்தல் விஷயத்திலும் பாதி ஒத்துக்கொள்கிறேன். அதிபர் தேர்தலில் பணம் தடுக்கி விழுவது சகஜம். எல்லோருக்கும் தெரிந்த வேட்பாளர்கள், இரவு பகலாக டிவி. ஆனால் பணத்தின் வேலை ஜெயிக்க வைப்பது மட்டும்தானா?

ஃபேர்ஷேக்கைப் பாருங்கள். காயின்பேஸ், ரிப்பிள், ஆண்ட்ரீசன் ஹொரோவிட்ஸ் போன்றவர்கள் பணம் போட்ட கிரிப்டோ சூப்பர் பேக். 2024 கலிஃபோர்னியா செனட் முதல் சுற்றில் கேட்டி போர்ட்டருக்கு எதிராக சுமார் 1 கோடி டாலர். விளம்பரங்களில் கிரிப்டோ என்ற பேச்சே இல்லை. அப்புறம் ஓஹையோவில் செனட் வங்கிக் குழுவின் தலைவராக இருந்த ஷெரோட் பிரவுனுக்கு எதிரான போட்டியில் சுமார் 4 கோடி, ஃபேர்ஷேக்கின் குடியரசுக் கட்சிப் பக்கக் கிளை வழியாக. ஜனநாயகக் கட்சியினருக்கு உதவ வேறொரு பெயரில் இன்னொரு கிளை. போர்ட்டரும் பிரவுனும் தோற்றார்கள். வைகை சொல்வதுபோல அவர்கள் எப்படியும் தோற்றிருக்கலாம். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மீதி செனட்டர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அடுத்த சுற்றுக்கான பணத்தையும் முன்கூட்டியே திரட்டிவிட்டோம் என்று ஃபேர்ஷேக் வெளிப்படையாகவே அறிவித்தது. 2025 ஜூலை 18-இல், ஸ்டேபிள்காயின்கள் எனப்படும் டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ நாணயங்களுக்கான ஜீனியஸ் சட்டம் இரு கட்சி வாக்குகளோடு கையெழுத்தானது. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடாத விளம்பரத்துக்கும் ஒரு பலன் உண்டு, அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

"ஒருங்கிணைக்காமல்" என்று தேன்மொழி எழுதியதற்கு ஒரு வால். வேட்பாளரின் இணையதளத்துக்குப் போய் மூலையில் தேடினால் சில நேரம் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு பத்தி கிடைக்கும். "இன்ன வட்டார வாக்காளர்கள் இதைப் பார்க்க வேண்டும்" என்று தொடங்கும். பார்க்க என்றால் டிவி விளம்பரம், படிக்க என்றால் வீட்டுக்கு வரும் தபால் அட்டை. கீழேயே எதிராளியின் குறைகள், எடுத்துக்கொள்ளத் தோதாகப் படங்கள். சூப்பர் பேக் அதை எடுத்து அப்படியே விளம்பரமாக்கும். யாரும் யாரோடும் பேசவில்லை, எல்லாம் பொதுவெளியில் இருக்கிறது, சட்டம் சும்மா நிற்கிறது. தேர்தல் ஆணையத்தில் ஆறு ஆணையர்கள், ஒரே கட்சியில் மூவருக்கு மேல் கூடாது, எதற்கும் நான்கு வாக்கு வேண்டும். 3-3 என்று நின்றுபோன புகார்கள் ஏராளம். 2025 மே மாதம் கோரம்கூட இல்லாமல் போனது.

#6 கொலம்பஸ்வாசி

இந்த இழைக்காகவே லாகின் செய்தேன். பதிவேட்டைப் பார்த்தால் போதும் என்கிறார் கணக்குப்பிள்ளை. எங்கள் ஓஹையோவில் நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

2019. ஃபர்ஸ்ட்எனர்ஜி குழுமத்தோடு சேர்ந்த இரண்டு அணுமின் நிலையங்கள், பெர்ரியும் டேவிஸ்-பெஸ்ஸியும், நஷ்டத்தில் இருந்தன. அவற்றைக் காப்பாற்ற ஹவுஸ் பில் 6 என்று ஒரு மசோதா. மாநிலத்தில் மின் இணைப்பு உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அணுமின் நிலையங்களுக்காக மாதம் 85 சென்ட் வசூல். கவனியுங்கள், 85 சென்ட். யாராவது 85 சென்ட்டுக்காகத் தெருவில் இறங்குவார்களா? ஆனால் மொத்தமாகக் கூட்டினால் மீட்புத் திட்டம் 130 கோடி டாலர் என்று அரசு வழக்கறிஞர்கள் கணக்குச் சொன்னார்கள். ஜூலை 2019-இல் ஆளுநர் கையெழுத்துப் போட்டார்.

அதை எதிர்த்துப் பொது வாக்கெடுப்புக் கேட்டுக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். உடனே டிவியிலும் தபாலிலும் ஒரு பிரசாரம் வந்தது பாருங்கள்: சீன அரசு ஓஹையோவின் மின் வலையமைப்பைக் கைப்பற்ற வருகிறது, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் விவரத்தைக் கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் அதைப் பற்றி உண்மையாகவே பயந்து பேசியவர்கள் உண்டு. விளம்பரத்துக்கு அடியில் ஏதோ எரிசக்திப் பாதுகாப்பு என்று ஒரு பெயர். யார் பணம் என்று தெரியாது. கையெழுத்துச் சேகரிப்பவர்களுக்கே காசு கொடுத்து வேலையை விட வைத்தார்கள் என்பது பின்னாடி வழக்கில் வந்தது. வாக்கெடுப்பு நடக்கவேயில்லை.

2020 ஜூலையில் மாநிலச் சபாநாயகர் லேரி ஹவுஸ்ஹோல்டரை எஃப்.பி.ஐ. கைது செய்த பிறகுதான் கதை வெளியே வந்தது. ஃபர்ஸ்ட்எனர்ஜி தரப்பிலிருந்து சுமார் 6 கோடி டாலர், 'ஜெனரேஷன் நவ்' என்ற சமூக நல அமைப்புக்குப் போயிருக்கிறது. வரிச் சட்டத்தில் 501(சி)(4) என்ற பிரிவு. அப்படிப்பட்ட அமைப்பு தனக்குப் பணம் கொடுத்தவர் பெயரைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்தில்தான் ஹவுஸ்ஹோல்டருக்கு வேண்டிய வேட்பாளர்களை 2018-இல் ஜெயிக்க வைத்தார்கள், அவர்கள் அவரைச் சபாநாயகர் ஆக்கினார்கள், அவர் மசோதாவை நிறைவேற்றினார், பிறகு அதே பணம் வாக்கெடுப்பை முறியடித்தது. நடுவில் கொஞ்சம் அவருடைய ஃப்ளோரிடா வீட்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும். 2023 ஜூனில் 20 ஆண்டு சிறை. மாநிலக் குடியரசுக் கட்சியின் முன்னாள் தலைவர் மேட் போர்ஜஸ் லாபியிஸ்டாக இதில் மாட்டி 5 ஆண்டு. கம்பெனி 2021-இல் 23 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது.

இப்போது சொல்லுங்கள். இதில் எந்தத் துண்டு பொதுப் பதிவேட்டிலிருந்து வந்தது? வங்கிக் கணக்கு, ஒட்டுக்கேட்ட தொலைபேசி, அப்ரூவர் ஆனவர்களின் சாட்சி. எல்லாம் எஃப்.பி.ஐ. கையில் இருந்ததால் வந்தவை. நானும் நீங்களும் மசோதாவைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருந்தாலும் 'ஜெனரேஷன் நவ்' வாசலில் போய் முட்டி நின்றிருப்போம்.

#7 பச்சைமிளகாய்

அணு உலையைக் காப்பாற்ற சீனாக்காரன் மேல் பழி. எழுதினவன் கையைக் காட்டுங்கள், கும்பிட வேண்டும்.

#8 புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு சந்தேகம். நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். அலுவலகத்தில் கம்பெனி பேக்குக்குப் பணம் கொடுக்கச் சொல்லி எல்லோருக்கும் மெயில் வந்தது. கொடுக்கலாமா? அப்புறம், தேர்தல் ஆணையத் தளத்தில் ஒரு வேட்பாளரைத் தேடினால் ஒரே ஆள் ஒரே தேதியில் ஒரே தொகையை இரண்டு தடவை கொடுத்ததாக வருகிறது. ஏன்?

#9 தேன்மொழி

முதல் கேள்விக்குப் பதில்: கொடுக்கவே கூடாது தம்பி. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தால் மட்டுமே. எச்1பி, எஃப்1, எல்1 யாரும் மத்திய, மாநில, உள்ளூர் தேர்தல் எதற்கும் பணம் தரக் கூடாது. 20 டாலர் டிக்கெட் வாங்கி நிதி திரட்டும் விருந்துக்குப் போவதும் நன்கொடைதான். மெயில் மொத்தமாக எல்லோருக்கும் போயிருக்கும், அனுப்பியவர் உங்கள் விசாவைப் பார்த்திருக்க மாட்டார். நண்பரின் கார்டில் கொடுத்துவிட்டுப் பிறகு அவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவது அதைவிட மோசம், அது பினாமி நன்கொடை. திவாலான கிரிப்டோ நிறுவனம் எஃப்.டி.எக்ஸ். விவகாரத்தில் அதன் அதிகாரி ரையன் சலாமி ஒப்புக்கொண்ட குற்றங்களில் அதுவும் ஒன்று, 2024-இல் ஏழரை ஆண்டு விதித்தார்கள்.

இரண்டாவது, நீங்கள் பார்த்தது ஆக்ட்ப்ளூ அல்லது வின்ரெட் என்ற இணைய நன்கொடைத் தளங்கள் வழியாக வந்த பணமாக இருக்கும். இடையில் நிற்பவரும் கணக்குக் கொடுக்க வேண்டும், வேட்பாளரும் கொடுக்க வேண்டும். அதனால் ஒரே பணம் இரண்டு இடத்தில் வரும். குறிப்புக் கட்டத்தைப் படிக்காமல் எல்லாவற்றையும் எக்செலில் கூட்டினால் தொகை வீங்கும். ஆனால் இதிலேயே ஒரு வசதியும் இருக்கிறது: இடைத்தரகுத் தளங்கள் 200 டாலருக்குக் கீழே உள்ள சின்னத் தொகைகளையும் பெயரோடு காட்டும், வேட்பாளரின் கணக்கில் அது இருக்காது. ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலிலிருந்து பெயர், முகவரி எடுத்து வியாபாரத்துக்கோ நிதி கேட்கவோ பயன்படுத்துவது சட்டவிரோதம்.

#10 ஸ்கார்பரோ சிவம்

கொலம்பஸ்வாசி அண்ணை எழுதினதை வாசிச்சு முடிக்கவே இரவாகிப் போச்சு. நல்ல பதிவு.

எங்கட கனடாவில் ஒரு வித்தியாசம் இருக்கு, அதைச் சொல்ல வேணும். இங்கை மத்திய அரசின் லாபிப் பதிவேட்டில் மாதாந்த அறிக்கை உண்டு. ஒரு லாபியிஸ்ட் அமைச்சரையோ எம்.பி.யையோ உயர் அதிகாரியையோ ஏற்பாடு செய்து சந்தித்தால் அல்லது போனில் கதைத்தால், எந்தத் திகதி, யாரோடு, எந்த விடயம் என்று பெயரோடு பதிய வேணும். அமெரிக்கப் படிவத்தில் "செனட்", "பிரதிநிதிகள் சபை" என்று மட்டும் கிடக்கும். நூறு செனட்டர்களில் ஆரைப் பார்த்தார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

இரண்டாவது, ஃபாரா பதிவேடு. 1938-இல் நாஜிப் பிரசாரத்தைக் கண்டு பயந்து கொண்டுவந்த சட்டம். எங்கட ஆக்கள் இதை ஏன் பார்க்க வேணும் என்றால், இமாத் சுபேரி என்ற கலிஃபோர்னியாக்காரரின் வழக்கு. ஒபாமா, கிளின்டன் ஆக்களுக்கு நிதி திரட்டியவர், பிறகு ட்ரம்ப்பின் பதவியேற்பு விழாக் குழுவுக்கு 9 லட்சம் டாலர் கொடுத்தவர். 2014-இல் இலங்கை அரசு இவரை அமர்த்தியது. யுத்தத்துக்குப் பிறகு வாஷிங்டனில் கெட்டுப்போன பெயரைச் சரிப்படுத்த வேணும், அதுக்கு 85 லட்சம் டாலர் என்று பேச்சு. இலங்கை 65 லட்சம் அனுப்பியது. நீதித் துறையின் கணக்குப்படி அதில் 56 லட்சத்துக்கு மேல் சுபேரி தன்னுடைய பக்கமும் மனைவியின் பக்கமும் திருப்பிக்கொண்டார். லாபிக்காரருக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் சட்ட நிறுவனங்களுக்கும் போனது எட்டரை லட்சத்துக்கும் குறைவு. சிலருக்கு "கொழும்பு இன்னும் காசு அனுப்பவில்லை" என்று சொல்லிக் கையை விரித்தார். ஃபாராவில் அவர் பதிந்தது பொய்த் தகவல். 2021 பிப்ரவரியில் 12 ஆண்டு சிறை, 2025-இல் ட்ரம்ப் தண்டனையைக் குறைத்து வெளியில் விட்டார்.

எங்கட பார்வையில் இதில் ஒரு கசப்பு இருக்கு. காணாமல் போனவர்களுக்காகத் தாய்மார் றோட்டில் இருந்த காலத்தில், நாட்டின் காசு லொஸ் ஏஞ்சலிஸில் வீடு வளவு வாங்கப் போயிருக்கு. லாபி வெற்றி பெற்றிருந்தால் அதைவிட மோசம், அது வேறை கதை.

#11 மட்டுறுத்துனர்

இந்தியத் தேர்தல் பத்திரம் பற்றி வந்த நான்கு பதிவுகளை அதற்கான தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே அமெரிக்காவோடு நிற்கவும்.

#12 வைகைக்கரை

சிவம் ஐயா தந்த தகவலைப் படித்துவிட்டு நானும் ஃபாராவில் இந்தியாவைத் தேடிப் பார்த்தேன். 2025 ஏப்ரலில் இந்தியத் தூதரகம் எஸ்.எச்.டபிள்யூ. பார்ட்னர்ஸ் என்ற நிறுவனத்தை அமர்த்தியிருக்கிறது. நடத்துபவர் ட்ரம்ப்பின் முன்னாள் பிரசார ஆலோசகர் ஜேசன் மில்லர். மாதம் ஒன்றரை லட்சம் டாலர், ஆண்டுக்கு 18 லட்சம். ஆகஸ்டில் சுங்கவரி 50 சதவீதமாகிற நேரத்தில் மெர்க்குரி என்ற இன்னொரு நிறுவனம், மாதம் 75,000. ஒப்பந்தமே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், கையெழுத்தோடு.

ஆகஸ்ட் 27-இல் வரி ஏறிவிட்டது. காசு கொடுத்தால் காரியம் நடக்கும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

#13 தேன்மொழி

காசு கொடுத்தும் நடக்காதது உண்டு, சரி. நடக்க வேண்டியதை நடக்கவிடாமல் செய்வது சுலபம், அதற்கு வெற்றி விகிதமும் அதிகம். லாபியின் பெரும்பங்கு வேலை அதுதான். ஏப்ரல் 15 வந்தால் எல்லோரும் வருமான வரி மென்பொருளுக்குக் காசு கட்டுகிறோமே, அரசிடம் நம் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளக் கணக்குப் படிவம்) ஏற்கெனவே இருக்கிறது, அதுவே ஏன் ஒரு இலவசத் தளம் வைக்கக் கூடாது? 2002-இல் ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித் துறை) அதற்குத்தான் கிளம்பியது. டர்போடாக்ஸ் விற்கும் இன்ட்யூட் உள்ளிட்ட கம்பெனிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: குறைந்த வருமானக்காரர்களுக்குக் கம்பெனிகள் இலவசமாகச் செய்து தரும், பதிலுக்கு ஐ.ஆர்.எஸ். சொந்தமாகத் தளம் வைக்காது. 2019 கடைசிவரை அந்த வாக்குறுதி இருந்தது. 2024-இல் 12 மாநிலங்களில் 'டைரக்ட் ஃபைல்' என்று ஒருவழியாக வந்தது, அடுத்த ஆண்டு 25 மாநிலங்கள், அதற்கடுத்து மூடிவிட்டார்கள். இத்தனை ஆண்டும் அந்தத் துறையின் லாபி அறிக்கைகள் காலாண்டு தவறாமல் பதிவேட்டில் இருக்கின்றன. இங்கே நான் கணக்குப்பிள்ளை கட்சி.

#14 கணக்குப்பிள்ளை

கொலம்பஸ்வாசி கேட்டதற்கு நேராகப் பதில்: 501(சி)(4) சுவருக்கு முன்னால் பதிவேடு செல்லாது, சரிதான். மத்திய லாபிப் பதிவேட்டிலும் ஓட்டை உண்டு. ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில் 20 சதவீத நேரத்துக்கும் குறைவாக லாபி செய்தால் பதிய வேண்டாம். செனட்டில் பெரும்பான்மைத் தலைவராக இருந்த டாம் டாஷ்ல் 2005-இல் வெளியே வந்து, 'கொள்கை ஆலோசகர்' என்ற பெயரில் பல ஆண்டு இருந்துவிட்டு 2016-இல்தான் லாபியிஸ்டாகப் பதிந்தார்.

ஆனாலும் படிவத்தில் என்ன கிடைக்கிறது என்று புதுவரவு தம்பிக்காகக் காட்டுகிறேன், அவருக்குச் சம்பந்தப்பட்ட விஷயத்திலேயே. கிரீன் கார்டில் நாட்டு வாரி உச்சவரம்பை நீக்கும் மசோதா. 2019 ஜூலை 10-இல் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று அமோகமாக நிறைவேறியது. செனட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் தடுத்தார்கள். நர்சுகளுக்கு இடம் குறையும் என்று ரேண்ட் பால் கொஞ்ச நாள் நிறுத்தினார், பிறகு டிக் டர்பின். 2020 டிசம்பர் 2-இல் செனட்டும் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் இசைக்க நேரமில்லாமல் அந்தக் காங்கிரஸின் பதவிக்காலம் முடிந்ததோடு மசோதாவும் செத்தது.

செனட் பதிவேட்டில் எல்.டி-2 படிவங்களை, அதாவது காலாண்டு லாபி அறிக்கைகளை, தேடுங்கள். 15-ஆம் கட்டத்தில் துறைக் குறியீடு, குடியேற்றம் என்று தேர்ந்தெடுங்கள். ஆண்டு 2019, 2020. 16-ஆம் கட்டத்தில் மசோதா எண். 17-இல் எந்தச் சபை, எந்த அமைச்சகம். 18-இல் லாபியிஸ்ட் பெயர், புதிதாகச் சேர்ந்தவர் என்றால் பக்கத்தில் கடந்த 20 ஆண்டுகளில் அரசில் என்ன பதவியில் இருந்தார் என்பது. என்னைக் கேட்டால் படிவத்திலேயே உருப்படியான கட்டம் அதுதான். "செனட் நீதிக் குழுவின் முன்னாள் ஆலோசகர்" என்று ஒரு வரி இருந்தால் அவரை ஏன் பிடித்தார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டாம். தொகை பத்தாயிரத்துக்கு முழுமையாக்கி இருக்கும், எல்லா மசோதாவுக்கும் சேர்த்து ஒரே தொகை. ஆகவே "இந்த மசோதாவுக்கு இவ்வளவு செலவு" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

கடுப்பேற்றுவது 16-ஆம் கட்டம். "இன்ன எண் மசோதா தொடர்பான விஷயங்கள்" என்று மட்டும் இருக்கும். ஆதரித்தவரும் அதையே எழுதுவார், குழி பறித்தவரும் அதையே எழுதுவார்.

#15 புதுவரவு

நன்றி அண்ணா. தேடினேன், வருகிறது. எங்கள் அலுவலகம் இருக்கும் கம்பெனி பெயரும் இருக்கிறது, 2019-இல் மூன்று காலாண்டு. ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#16 தேன்மொழி

படிவத்தில் முடியாது. அந்தக் காலத்தில் செனட் தலைவர்களுக்குச் சங்கங்கள் சேர்ந்து அனுப்பிய ஆதரவுக் கடிதங்கள் இருக்கும், கீழே கையெழுத்திட்ட கம்பெனிகளின் பட்டியலோடு. அந்தச் சங்கங்களின் தளங்களில் தேடுங்கள். கடிதத்தில் பெயர் இல்லையென்றால், எல்.டி-203 என்று இன்னொரு அறிக்கை இருக்கிறது, ஜூலை 30-க்கும் ஜனவரி 30-க்கும் வரும். அந்த லாபியிஸ்ட் யாருக்கெல்லாம் நன்கொடை கொடுத்தார் என்று அதில் இருக்கும். அதில் மசோதாவைத் தடுத்தவர் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் மேலே தோண்டலாம்.

#17 வைகைக்கரை

ஆக, கடைசியில் நன்கொடைப் பட்டியலுக்கே வந்து சேர்ந்தோம் :)

#18 கணக்குப்பிள்ளை

வந்தோம் வைகை, ஆனால் யாரைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு வந்தோம். தம்பி, எடுத்ததைக் கூகுள் ஷீட்டில் போட்டு இங்கே இணைப்புக் கொடுங்கள், 18-ஆம் கட்டத்துப் பெயர்களை நான் சரிபார்க்கிறேன். திருத்திய அறிக்கைகள் தனியாக வரும், பழையதும் புதியதும் சேர்ந்து இரண்டு தடவை எண்ணப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.